தூண்டில் முள்ளும் தங்கவயலும்: ஆற்றங்கரை ஒழுக்கத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

திருக்குறளின் சூது அதிகாரத்தில் (குறள் 931) சூதாட்ட வெற்றி, தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடப்படுகிறது. அங்கே முள்ளைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் ‘பொன்’. பரிமேலழகர் அதற்கு இரும்பு என்றே பொருள் கொள்கிறார். பழந்தமிழில் பொன் என்பது உலோகங்களுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது. கரும்பொன் (இரும்பு), வெண்பொன் (வெள்ளி), ஐம்பொன் ஆகிய சொற்களில் அப்பொருள் எஞ்சியுள்ளது. கோலார் தங்கவயலை முன்வைத்து ஆற்றுத் தூண்டிலின் வரலாற்றை எண்ணியபோது இச்சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்குச் சுரங்கப் பணியை விரிவுபடுத்தியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் வட்டாரங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்தனர். ஊருக்கான குடிநீர் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. 1902 முதல் சுரங்கத்துக்கான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக் கரையிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. தங்கவயல் இவ்விரு ஆறுகளையும் நம்பி வாழ்ந்தது.

இவ்விரு நீர்நிலைகளும் இருவகைத் தூண்டிலுக்கு உரியவை. ஏரியின் அசைவற்ற நீரில் கெண்டை, கெளுத்தி, விரால். அங்கு மூங்கில் கழி, மெல்லிய நூல், சிறுமுள், மயிலிறகுத் தண்டாலான தக்கை ஆகியவை போதும். கெண்டைக்கு மண்புழுவோ மாவுருண்டையோ இரை, விராலுக்குத் தவளைக்குஞ்சு. காவிரியின் பாறையிடை விரைநீரில் மகசீர். அதற்கு வலிய கழி, தடித்த நரம்பு, ஈயக்குண்டு, பெரிய முள் ஆகியவை வேண்டும். அங்குப் பெயர்பெற்ற இரை கேழ்வரகு மாவுருண்டை. கரையில் மனிதர் உண்ணும் களியின் மாவே நீருக்குள்ளும் இறங்குகிறது.

ஆங்கிலேயர் தம் நாட்டு நன்னீர் மீன்களை இரண்டாகப் பகுத்தனர்: சால்மன், டிரவுட் ஆகியவை வேட்டை மீன்கள், கெண்டை இனம் உள்ளிட்ட ஏனையவை ‘மட்ட’ மீன்கள். இப்பகுப்பில் உயிரியலைவிடச் சமூகப் படிநிலையே மிகுதி. மகசீரும் கெண்டைக் குடும்பத்தது. அவ்விதிப்படி அது மட்ட மீனாதல் வேண்டும். ஆயினும் சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி எச். எஸ். தாமஸ், 1873இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ நூலில், தூண்டிலில் சிக்கியபின் போராடும் வலிமையில் அதனைச் சால்மனுக்கும் மேலாக மதித்தார். அதிகாரியின் தூண்டில் பட்டதும் கெண்டையின் குலம் உயர்ந்துவிட்டது.

கரையொழுக்கமும் இக்காலத்தில் எழுத்துவடிவம் பெற்றது. நிழல் நீரில் விழாமல் நிற்றல், பிறர் தூண்டில் இட்ட இடத்தில் குறுக்கிடாமை, சிறுமீனைத் திரும்ப விடுதல் முதலியன மரபுகள். சினைப்பருவத்தில் மட்ட மீன்களைப் பிடிப்பதற்கு இங்கிலாந்து 1878இல் சட்டத்தடை விதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மீன்வளச் சட்டம் (1897) நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. சுதேச அரசான மைசூர் 1901இல் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்குமான தன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

வெடியும் நஞ்சும் தங்கவயலின் அன்றாடக் கருவிகள் என்பது இங்கே கருதத்தக்கது. பாறையைப் பிளந்தது டைனமைட். அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிரித்தது சயனைடு. மீனுக்கு எதிராகக் கையாளக் கூடாதவை என்று சட்டம் விலக்கியவற்றை, நிலத்துக்கும் அதனுள் இறங்கியவர்க்கும் இயல்பானவை என்று தொழில் ஏற்றது. நீரின் உயிர்களுக்குக் காட்டிய இந்த நுண்ணுணர்வு சுரங்கத்தின் வாயிலில் நின்றுவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் ஊர் நடுவே இன்றும் நிற்கின்றன.

ஆற்றங்கரை ஒழுக்கத்தை ஓய்வுள்ளோரின் நாகரிகமாக மட்டும் எழுதும் வரலாறு போதாது. மூங்கில் கழியோடு உணவுக்காக அமர்ந்தவரும் ஒருமுறைக்கு ஒரு மீனையே எடுத்தார். அக்கருவியிலேயே அளவு என்னும் அறம் அடங்கியிருந்தது. குறள் மீனின் பக்கம் நின்று பேசுகிறது: இரையெனக் கண்டது இரும்பு. தங்கத்தை நம்பி வந்து, மூடிய சுரங்கத்தின் அருகே எஞ்சிய தலைமுறைகளுக்கு அவ்வுவமைக்கு உரை தேவைப்படாது.

தக்கை, நரம்பு, முள், இரை ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொற்களைக் கீழே பதிவு செய்தால் நன்றியுடையேன். தங்கவயல், பாலாற்றங்கரைச் சொற்கள் முதன்மையாகத் தேவை.