ஸ்ரியறிங் நடுக்கம்
வில்லுத்தகடு பூட்டிய பழைய ஜீப், லாண்ட் ரோவர் (1948 முதல்) வாகனங்களில் முன்சில்லுகள் இடவலமாக உதறுவதால் வரும் கோளாறு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் ரயர் அல்லது சில்லின் சமநிலைக் குறை. குழியில் விழுந்ததும் தொடங்கி, வேகம் தணியும்வரை ஓயாவிட்டால் மூட்டுத் தேய்வைச் சந்தேகிக்கலாம். முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டவேண்டும். பிரேக்கை அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் பெயரிங், மறையாவிட்டால் கிங்பின். பக்கவாட்டு ஆட்டம் இணைப்புத்தண்டின் முனைகளைக் காட்டும். வில்லுத்தகட்டுப் புஷ்களை நெம்புகோலால் நெம்பிப் பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஒளிந்திருப்பதுண்டு. டாம்பர் பூட்டுவது நடுக்கத்தை மறைக்குமே தவிரத் தேய்வைத் தீர்க்காது. யாழ்ப்பாணத்தில் மணற்காட்டு மணலும் கரையோர உப்புக்காற்றும் தேய்வை விரைவுபடுத்துகின்றன. 1990களின் பொருளாதாரத் தடையில் உதிரிப்பாகங்கள் அரிதானதால், குடாநாட்டில் பழையதைத் திருத்திப் பூட்டுவதே வழியாயிற்று.