திருமலையில் கைகூப்பி நிற்கும் ராயர்

போன மாதம் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். 1843இல் வைத்த சிலை. தூணும் சிலையுமாக 50 மீட்டருக்கும் மேல் உயரம். மனுஷன் முகமே தெரியவில்லை. "நம்ம ஊர்ல இப்படிப் பெரிய தெருவுல ராஜா சிலையெல்லாம் கிடையாதாப்பா?" என்று என் பெண் கேட்டாள். மெரினாவைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சித்தூர்க்காரனுக்கு முதலில் வாயில் வருவது திருமலைதான்!

திருமலை மாட வீதிகளைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கோயிலின் நான்கு பக்கமும் ஓடும் வீதிகள். பிரம்மோற்சவத்தில் சுவாமி வாகனத்தில் வருவது இங்கேதான். கிருஷ்ணதேவராயர் நினைத்திருந்தால் அந்த வீதி நடுவில் நெல்சன் மாதிரி ஏறி நின்றிருக்கலாம். கேட்க ஆள் ஏது? 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை மலைக்கு வந்தவர். ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய 30,000 வராகன் கொடுத்தவர் (1518).

ஆனால் 1517இல் அவர் தன் செப்புச் சிலையை வைத்தது கோயிலுக்குள், பெரிய வாசலைத் தாண்டியதும் வருகிற மண்டபத்தில். கையில் வாள் இல்லை, ஏறி உட்காரக் குதிரையும் இல்லை. தலையில் உயரமான கூம்புக் குல்லாய், கூப்பிய கைகள், இரண்டு பக்கமும் திருமலதேவியும் சின்னதேவியும். தோளில் பெயர் வெட்டியிருக்கும். நம்மைப் போலவே அவரும் சேவிக்க வந்தவர், அவ்வளவுதான். பின்னால் வந்த அச்சுதராயரும் வரதராஜம்மாவும் அங்கேயே கல்லில் நிற்கிறார்கள். தோடர்மல் என்பவர் மனைவியோடு அம்மாவையும் சேர்த்து நிற்க வைத்திருக்கிறார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் :)

இதுவும் ஒரு விளம்பரம்தானே என்று கேட்கலாம். வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதிய ட்யூப்லைட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்கு பார்க்கிற என் தொழில் புத்திக்கு அங்கே வேறொன்று தெரிகிறது. மலையிலும் கீழ்த் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பாலும் தமிழில். பலவும் வரவு செலவுக் கணக்குதான். ஒருவர் பணம் கொடுப்பார். கோயில் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காது. கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டும். கூடுதலாக விளைந்ததில் நைவேத்தியம் நடக்கும். அந்தப் பிரசாதத்தில் கொடுத்தவருக்கு ஒரு பங்கு, பெரும்பாலும் நாலில் ஒன்று. அதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. முதல் அப்படியே இருக்கும், வட்டி வயலில் விளையும். பி.காம். படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மெரினாக் கண்ணகி 2001இல் காணாமல் போய் 2006இல் திரும்பி வந்த கதை நமக்குத் தெரியும். திருமலையில் திரும்பி வராமல் போனது ஒன்று உண்டு. பெரிய வாசலுக்கு எதிரே 15ஆம் நூற்றாண்டு ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. சின்ன வயதில் அதன் தூண்களுக்கு நடுவே நான் ஓடி விளையாடியிருக்கிறேன். கூட்டம் பெருகியது, வீதியை அகலப்படுத்த வேண்டும் என்று 2003இல் அதை இடித்துவிட்டார்கள். கூட்டத்துக்கு இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்த முறை போனபோது அந்த வெட்டவெளியைப் பார்த்து அப்பா ஒன்றுமே பேசவில்லை. நேரே உள்ளே போய், "இங்க பாரு, ராயர் இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

என் பெண்ணுக்கும் காட்டவேண்டும். நீங்கள் போனாலும் பெரிய வாசல் தாண்டியதும் வலது பக்கம் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். 'ஜருகண்டி' என்று தள்ளுகிற இடம் வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.