ஹெஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு: இந்தியாவில் அறிவியல் எள்ளல் புனைவு

அறிவியல் எள்ளல் புனைவு என்பது அறிவியல் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அறிஞர்களின் தோரணையையும் அறிவியல் அமைப்புகளின் நடைமுறைகளையும் நகைச்சுவையாக விமரிசிக்கும் எழுத்துவகை. ஆங்கிலத்தில் ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணங்கள் இதன் பழைய எடுத்துக்காட்டு. அதில் வரும் லகாடோ கழகத்தில் ஒருவர் வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்தெடுக்க முயல்கிறார். லண்டன் ராயல் சொசைட்டியே அதன் இலக்கு. இந்தியாவில் இவ்வகையின் முக்கியமான தொடக்ககாலப் படைப்பு வங்க எழுத்தாளர் சுகுமார் ராய் எழுதிய ஹெஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு.

ஆசிரியர்

சுகுமார் ராய் 1887இல் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். 1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று அச்சுத் தொழில்நுட்பம் கற்றார். தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய சந்தேஷ் என்ற சிறுவர் இதழைத் தந்தைக்குப் பின் நடத்தினார். அதில் குழந்தைகளுக்காக அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். ஆகவே அவருடைய கேலி அறிவியலை அறியாதவரின் கேலி அல்ல.

கதை

ஆர்தர் கானன் டாயில் 1912இல் எழுதிய தொலைந்த உலகம் நாவலின் பகடி இது. பழங்கால விலங்குகளைப் பற்றி எழுதிய சந்தேஷ் தன் பயணத்தைக் குறிப்பிடவில்லை என்று பேராசிரியர் ஹெஷோராம் கோபித்துக்கொள்கிறார். அவரைச் சமாதானப்படுத்த இதழ் அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளை வெளியிடுகிறது.

1922 ஜூன் மாதம், காரகோரம் பகுதியில் மருமகன், இரு வேட்டைக்காரர்கள், ஆறு கூலிகள், ஒரு நாய் ஆகியோருடன் அவர் செல்கிறார். வழியில் ஒரு மலையை அளக்கிறார்கள். பேராசிரியருக்கு 16,000 அடி வருகிறது, மருமகனுக்கு 42,000 அடி. மறுபடி அளந்தால் 2,700 அடிதான். கருவியில் கோளாறு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் பேராசிரியர், இந்தச் சிகரத்தில் இதுவரை யாரும் ஏறியதில்லை என்பது மட்டும் உறுதி என்று முடிவுகட்டுகிறார். அதே 1922இல்தான் பிரிட்டிஷ் குழுவொன்று எவரெஸ்ட்டில் ஏற முயன்று தோற்றது.

பெயர்சூட்டும் கலை

புதிய விலங்குகளைக் கண்டதும் பேராசிரியர் செய்யும் வேலை பெயர் வைப்பது. கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணி ஹாங்லாதேரியம். உம்மென்றிருப்பது கோம்ராதேரியம். கத்துவது சில்லானோசோரஸ். பாவப்பட்டது பேச்சாராதேரியம். தேரியம், சோரஸ் என்பவை விலங்கியலில் வழங்கும் கிரேக்க விகுதிகள். அவற்றின் முன்னே வங்காளத்தின் அன்றாடச் சொற்கள் ஒட்டப்பட்டுள்ளன. பெயர் கம்பீரமாகிறது, விலங்கைப் பற்றிய அறிவு ஒரு படியும் கூடுவதில்லை. கடைசியில் சான்றுகள் எல்லாம் புயலில் போய்விட்டன என்கிறார் பேராசிரியர்.

தொடர்ச்சி

சுகுமார் ராய் இதை எழுதியது கருங்காய்ச்சலால் படுத்திருந்த காலத்தில். அதே ஆண்டுகளில், அதே கல்கத்தாவில், மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்நோய்க்கான யூரியா ஸ்டிபமைன் மருந்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். சுகுமார் 1923 செப்டம்பரில், 35 வயதில், அந்நோயால் இறந்தார்.

மகன் சத்யஜித் ராய் 1961இல் புத்துயிர் பெற்ற சந்தேஷில் பேராசிரியர் ஷோங்குவை அறிமுகப்படுத்தினார். கிழிக்கவும் எரிக்கவும் முடியாத ஷோங்குவின் நாட்குறிப்பை முடிவில் எறும்புகள் தின்றுவிடுகின்றன. சான்று மறையும் தந்தையின் நகைச்சுவை மகனிடம் இப்படித் திரும்புகிறது.

தமிழில் இந்த எள்ளல் அரசு நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய என் இனிய இயந்திரா தொடரில், பெயர்கள் சுருக்கப்பட்ட, குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டிய எதிர்கால இந்தியாவைக் காட்டினார்.

மதிப்பீடு

ஹெஷோராமின் கதை அறிவியலுக்கு எதிரானது அல்ல. அளவீடு தவறும்போது திருத்திக்கொள்வதும், சான்று இல்லாதபோது முடிவு சொல்லாதிருப்பதும் அறிவியலின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டு, பட்டத்தையும் கலைச்சொல்லையும் மட்டும் வைத்துக்கொள்பவரையே அது சிரிக்கிறது. கேட்டதை நம்புவதா, சான்று கேட்பதா என்ற முடிவை அது சிறுவர்களின் பொறுப்பில் விட்டது.