நெற்சுகே: இடைக்கச்சையில் தொங்கிய சிற்பம்

யப்பானியரின் மரபுடையாகிய கிமோனோவிற் பை தைக்கப்படுவதில்லை. ஆதலின் ஆடவர் புகையிலைப் பையையும் மருந்துச் சிமிழையும் நாடாவிற் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிட்டனர். நாடா நழுவாது மேல்முனையில் தடுத்துநின்ற சிறு செதுக்குருவே நெற்சுகே. எடோ காலத்தில் (1603–1868) இக்கலை செழித்தது.

யானைத்தந்தத்திலும் மரத்திலும் எலி, எருது, புலி முதலிய விலங்குகள் உள்ளங்கையில் அடங்குமளவிற் செதுக்கப்பட்டன. அவை கால்மடக்கி, வாலை உடலோடு ஒட்டிக் கிடப்பதைச் சிற்பியின் கற்பனை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. துருத்திய கொம்பு பட்டாடையைக் கிழிக்கும்; மெலிந்த கால் முறியும். பயன்பாடே வடிவத்தை வகுத்தது. நாடா நுழையும் துளைகள் அமைந்த அடிப்புறத்தையுங்கூடச் சிற்பி செதுக்காது விடவில்லை.

கியோத்தோவைச் சேர்ந்த தொமோதாதா படுத்திருக்கும் எருதுகளுக்குப் பெயர்பெற்றவர். ஒசாக்காவின் இனாபா சூரியூ 1781இல் வெளியிட்ட 'சோகென் கிசோ' என்னும் நூலே அவர் பெயரில் மலிந்த போலிகளைச் சுட்டுகின்றது. எனவே அவர் பெயர் பொறித்த எருதெல்லாம் அவருடையதாகாது.

1868இன் பின்னர் மேனாட்டுடையும் சிகரட்டும் பரவவே நெற்சுகேயின் தேவை குன்றிற்று. ஐரோப்பியச் சேகரிப்பாளர் இவற்றை விரும்பி வாங்கினர். அவர்களுக்கெனச் செதுக்கப்பட்டவை பல, எவரிடையிலும் தொங்காதவை. பழையனவற்றிலோ ஆடை உராய்ந்த பக்கம் மழுங்கியிருக்கும். நூதனசாலைக் கண்ணாடிப் பேழையில் அப்பக்கமே பெரும்பாலும் பார்வைக்கு மறைந்துவிடுகின்றது.