கல்லில் பிறந்த சல்லடை

சில படிகங்களுக்குள் ஒரே அளவான நுண்துளைகள் வரிசையாக ஓடுகின்றன. துளையைவிடச் சிறிய மூலக்கூறு உள்ளே போகும். பெரியது வெளியே நின்றுவிடும். இப்படிப் பிரிக்கும் படிகங்களுள் முதலில் அறியப்பட்டது சியோலைட்டு. 1756இல் சுவீடன் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் அதைச் சூடாக்கியபோது கல் நுரைத்து நீராவி விட்டது. துளைகளில் தங்கியிருந்த நீரே அப்படி வெளியேறியது.

எல்லாப் பாறையிலும் சியோலைட்டு கிடைப்பதில்லை. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஆறியபோது உண்டான குமிழ்க் குழிகளில், புனே, நாசிக் பக்கம், அழகிய படிகங்களாக வளர்ந்திருக்கிறது.

1925இல் ஜெர்மானியர்களான வைகலும் ஸ்டைன்ஹாஃபும் சபாசைட்டு என்ற சியோலைட்டைச் சோதித்தனர். அது நீரையும் எத்தனாலையும் உறிஞ்சியது. அசிட்டோனையும் பென்சீனையும் ஏற்கவில்லை. 1932இல் மெக்பெயின் என்ற வேதியியலாளர் இத்தகைய பொருளுக்கு ‘மூலக்கூறுச் சல்லடை’ எனப் பெயரிட்டார். 1949 முதல் அமெரிக்காவில் மில்டன் என்ற வேதியியலாளர் சியோலைட்டுகளை ஆய்வகத்திலேயே உருவாக்கினார். அதன்பின் துளையின் அளவை மனிதரே தீர்மானிக்க முடிந்தது.

அதன் பயன் சாராய வடிசாலையில் தெரியும். எத்தனாலைச் சாதாரணமாகக் காய்ச்சி வடித்தால் ஏறத்தாழ 96 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை ஏறாது. மிச்ச நீரை 3ஏ சியோலைட்டு மணிகள் பிடித்துக்கொள்கின்றன. இதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் அமர்ந்து, துளையை 3 ஆங்ஸ்ட்ராமாகக் குறுக்குகிறது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நீர் மூலக்கூறு நுழையும், ஏறத்தாழ 4.4 ஆங்ஸ்ட்ராம் கொண்ட எத்தனால் நுழையாது. இம்மணிகள் நிரப்பிய ஒரு கோபுரம் நீரைப் பிடிக்கும் நேரத்தில் மற்றொன்று அழுத்தம் குறைக்கப்பட்டு நீரை விடுகிறது. பெட்ரோலில் கலக்க இப்படி நீர் நீக்கிய எத்தனாலே வேண்டும்; 2003இல் இந்தியாவில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியபோது, அதில் சேர்ந்த மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. பிரிப்பது மட்டுமே சியோலைட்டின் பயன் அல்ல: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. பிச்சுமணி குழுவினர் சியோலைட்டுத் துளைகளை வினைக்கூடங்களாக்கி, கரிம வினைகளின் போக்கை ஆராய்ந்தனர்.

சியோலைட்டின் சட்டகம் விறைப்பானது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும் வேறு வகைப் படிகங்களுக்கு 1989இல் ஆஸ்திரேலியாவில் ராப்சன் வழிகாட்டினார். அவை வளைந்துகொடுக்கவும் கூடும் என்று 1998இல் ஜப்பானின் கிதகாவா எடுத்துரைத்தார். இவ்வகையைச் சேர்ந்த இசட்.ஐ.எஃப்-8 என்ற படிகத்தின் துளை 3.4 ஆங்ஸ்ட்ராம்தான். ஆனால் வாசலில் உள்ள கரிம வளையங்கள் அசைந்து இடம் விடுவதால், 4 ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள புரொப்பிலீன் உள்ளே போகிறது. சற்றே பருத்த புரொப்பேன் மிக மெதுவாகவே நுழைகிறது. இந்த வேக வேறுபாட்டால் இரண்டையும் பிரிக்கலாம்.

இவ்வகைப் படிகங்களுக்காகக் கிதகாவா, ராப்சன், இதே துறையில் உழைத்த யாகி ஆகிய மூவரும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் வடிசாலைகளில் இன்றும் உழைப்பது விறைப்பான சியோலைட்டுதான். விலையிலும் நீடித்த உழைப்பிலும் அதற்கு ஈடுகொடுத்தால்தான் வளையும் படிகங்கள் அதன் இடத்தைப் பிடிக்கும்.