கடிநாய் கவனம்: கொள்ளுப்பிட்டியின் நாலுகால் காவல்

கொழும்பின் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் கொள்ளுப்பிட்டி ஒழுங்கைகளில், உயர்ந்த மதிலும் இரும்புக் கேற்றும் உள்ள வீட்டுக்கு நாயும் உண்டு என்பது நெடுங்காலம் பேசாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விடயம். அந்த நாய் எதைக் காத்தது என்பதில் பெரிய மாற்றம் இல்லை, வீட்டையும் வீட்டாரையும்தான். யாரிடமிருந்து காத்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

நாய் நின்றால் பக்கத்தில் வீடு இருக்கிறது என்ற கணக்கு இத்தீவில் மிகப் பழையது. விஜயன் கரையிறங்கிய கதையைச் சொல்லும் மகாவம்சத்தில், குவேனியின் பணிப்பெண் பெட்டை நாயாக உருமாறி வருகிறாள். ஊர் இருக்கும் இடத்தில்தானே நாய் இருக்கும் என்று எண்ணி, விஜயன் தடுத்தும் கேளாமல், அவனது ஆள் ஒருவன் பின்னால் போய் அகப்பட்டுக்கொள்கிறான். சைவர்களுக்கோ காவல் தெய்வமே நாயோடு வருபவர். வைரவருக்கு வாகனம் நாய். இரவுப் பூசை முடிந்து கோயிலைப் பூட்டும்போது திறப்பை வைரவர் சந்நிதியில் வைப்பது மரபு. கொழும்புக்குக் குடிவந்த யாழ்ப்பாணத்தவருக்கு வாசலில் நாயைக் கட்டுவதைப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சாதி நாய் கப்பலில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொள்ளுப்பிட்டி தென்னந்தோட்டங்களும் பெரிய வளவுகளும் நிறைந்த புறநகராக இருந்தது. சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் இளவரசர் அல்பிரட்டுக்கு விருந்து வைத்த மாளிகை இங்கேதான். அதன் பிறகே அது ‘அல்பிரட் ஹவுஸ்’ ஆயிற்று. அவ்வளவு அகலமான வளவைக் காவல்காரன் ஒருவன் இரவில் சுற்றிவந்து முடிப்பதற்குள் தேங்காய் போய்விடும். ஆள் காணாததை மோப்பத்தாலும் காதாலும் முந்தி அறியும் நாயின் அருமை அங்கே தெரிந்தது.

வெள்ளைக்காரர் தங்கள் நாயை அதிகாரத்தின் ஒரு பகுதியாகவே கொண்டுவந்தார்கள். 1904இல் சிவில் சேவைக்கு வந்த லெனாட் வுல்ப் தொண்ணூறு தொகுதி வோல்டேயரோடு சார்ல்ஸ் என்ற பொக்ஸ் டெரியரையும் கூட்டிவந்தார். எல்லோருக்கும் காவல் பிராணி வாய்த்தது என்றும் சொல்ல முடியாது. சிலி நாட்டுத் தூதரக அலுவலராக 1929இல் வந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் குடியிருந்த பாப்லோ நெருடா, குத்தாக்கா என்ற நாயும் கிரியா என்ற கீரியும் வளர்த்தார். தெருவில் ஒரு பாம்பைக் கண்ட ஊர்ச் சிறுவர்கள் கீரியின் வீரத்தைப் பார்க்க ஊர்வலமாகத் திரண்டபோது, கிரியா பாம்பைக் கண்டதும் படுக்கையறைக்குள் ஓடி ஒளிந்தது. வெள்ளவத்தையில் தன் மரியாதை அத்தோடு போயிற்று என்று நெருடாவே பின்னாளில் எழுதினார்.

நாய் பெருகப் பெருகச் சட்டமும் வந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தன் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாதவரைக் குற்றவாளியாக்கியது. 1893இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம்; 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம். இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டம். அதன்படி, வீட்டு நாய் தன் இயல்புக்கு மாறாகப் பாய்ந்து ஒருவரைக் கடித்தால், சொந்தக்காரரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ, உரிமையில்லாமல் உள்ளே நுழைந்திருந்தாலோ கதை வேறு. கேற்றில் தொங்கும் ‘கடிநாய் கவனம்’ பலகை திருடனைப் பயமுறுத்த மட்டும் எழுதப்பட்டதல்ல. தபால்காரருக்கும் பால்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்ததற்கு அது சாட்சி.

பயிற்சி முறைகள் வரும்வரை காவல் நாய் என்றால் பகலில் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடும் நாய்தான். கட்டிக்கிடந்த கடுப்பில் அது கண்டவரைக் கடித்தது. பயிற்சி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. பயிற்றிய நாய் என்பது ஐரோப்பாவில் பிறந்த எண்ணம். 1899இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பெல்ஜியத்தின் கென்ற் நகரப் பொலிஸார் இரவு ரோந்துக்கு நாய்களைப் பழக்கத் தொடங்கினர். ஜெர்மனியில் மக்ஸ் பொன் ஸ்டெபானிட்ஸ், ஹோரண்ட் என்ற ஆட்டிடையர் நாயை மூலமாக வைத்து ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கான சங்கத்தை நிறுவினார். பொலிஸ் அதிகாரி கொன்றாட் மோஸ்ற் 1910இல் வெளியிட்ட பயிற்சிக் கைநூல் இந்தத் தொழிலுக்கு இலக்கணம் வகுத்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் என்ற சொல்லே கசந்துபோக, பிரித்தானியர் அந்த நாயை அல்சேஷன் என்றார்கள். 1977இல் அவர்களின் கெனல் கிளப் பழைய பெயருக்குத் திரும்பியது; கொழும்புக்காரர் வாயில் இன்றும் அது அல்சேஷன்தான்.

இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவு 1948இல் கண்டி அஸ்கிரியவில் ஆரம்பமாயிற்று. சுதந்திரம் கிடைத்த ஆண்டு. முதல் இலங்கையர் பொலிஸ் மா அதிபரான ரிச்சர்ட் அலுவிகாரை பதவியில் இருந்த காலம். குற்றம் நடந்த வீட்டிலிருந்து மோப்பம் பிடித்துத் தெருவழியே ஓடும் நாயைப் பார்க்க ஊரே கூடியது. வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை வசதியுள்ளவர்களிடம் அல்சேஷனாகவும் பின்னர் டோபர்மனாகவும் ரொட்வைலராகவும் வந்து நின்றது.

இந்தப் பயிற்சியில் கடிக்கப் பழக்குவது எளிய பாகம். முதலில் இரு, நில், வா என்ற கட்டளைகள் மாதக்கணக்கில் ஊற வேண்டும். பிறகு கட்டளைக்குக் குரைக்கவும் கட்டளைக்கு நிறுத்தவும் பழக்குவார்கள். தடித்த கைக்காப்பு மாட்டிய ஆளைப் பிடிப்பது அதற்கு அப்புறம். நன்றாகப் பழகிய நாய்க்கு அது கோபமல்ல, விளையாட்டு. கடினமானது விடச் சொன்னதும் விடுவது. அந்த ஒரு கட்டளைக்குப் பணியாத நாய் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. அந்நியர் எறியும் உணவைத் தொடாதிருக்கவும் பழக்க வேண்டும். நஞ்சு தடவிய இறைச்சித் துண்டைத் திருடர்கள் அறியாதவர்களல்லர்.

இவ்வளவும் இரவில் தனியே மதிலேறி வரும் ஒருவனை மனத்தில் வைத்து உருவான கலை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் பகலில், கூட்டமாக, கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தில் மூண்ட வன்முறை, மறுநாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் பரவியது. தீப்பந்தத்தோடு நிற்கும் நூறு பேருக்கு முன்னால் எந்த நாய் என்ன செய்யும்? பலரைக் காத்தது அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் திறந்துவிட்ட பின்கதவு. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமாயிற்று. ‘லங்கா கல்யாணி’ கப்பல் அகதிகளை வடக்கே கொண்டுபோனது. உடுத்த உடையோடு புறப்பட்டவர்கள் நாயைக் கூட்டிப்போக வழியிருக்கவில்லை.

பின் வந்த போர்க்காலம் நாயின் வேலையையே மாற்றியது. கொள்ளுப்பிட்டியில் பிரதமரின் அலரி மாளிகையும் தூதரகங்களும் இருந்ததால் குண்டுகளும் அதைத் தேடி வந்தன. 2004 ஜூலை 7இல் கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே தற்கொலைக் குண்டு வெடித்து நான்கு பொலிஸார் இறந்தனர். இப்போது தேவைப்பட்டது கடிக்கும் நாயல்ல, முகர்ந்து பார்த்துவிட்டு அசையாமல் உட்காரும் நாய். வெடிமருந்தைக் கண்ட நாய் குரைப்பதோ பிராண்டுவதோ ஆபத்து. உட்கார்ந்து காட்டுவதே அதற்குப் பழக்கிய அடையாளம்.

இதற்கிடையே விசர்நாய்க்கடியோடு நாடு நடத்திய போராட்டம் ஓரளவு வென்றது. 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டம் பரவிய பின் ஆண்டு மரணங்கள் சில பத்துகளாகக் குறைந்தன. 2006இல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பிடித்தன.

2022இன் பொருளாதார நெருக்கடி வளர்ப்பு நாய்களையும் விடவில்லை. இறக்குமதித் தீனியின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, பராமரிக்க முடியாமல் சாதி நாய்களைத் தெருவில் விட்டவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில், நகரின் மிகக் காவலுள்ள வீடுகளில் ஒன்றான அலரி மாளிகைக்குள் போராட்டக்காரர் நடந்தே நுழைந்தார்கள்.

கொள்ளுப்பிட்டியின் பழைய வளவுகள் பல இன்று மாடிக் குடியிருப்புகள். பத்தாம் மாடியில் ரொட்வைலர் வளர்த்தால் குரைப்புக்கும் மின்தூக்கிக்கும் அயலவரோடு வழக்குத்தான் மிஞ்சும். வருவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் காவலாளியும் கமராவும் அங்கே கேற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டன. ஓடித்திரிய நிலம் வேண்டிய காவல் நாய், முற்றமுள்ள வீடுகள் மிஞ்சிய புறநகர்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.