இரவல் சின்னம்

2008 பிப்ரவரி 12ஆம் தேதி. நாளைக்கு நாடாளுமன்றம் கலைகிறதா என்று கேட்டவர்களிடம் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி இல்லை என்றார். மறுநாளே கலைத்தார். தவணை முடிய இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது. அவசரத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்வார் இப்ராஹிம் தேர்தலில் நிற்பதற்கிருந்த தடை ஏப்ரல் 14ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதற்குள் ஓட்டை எண்ணி முடித்துவிட வேண்டும். வேட்பு மனுத் தாக்கல் பிப்ரவரி 24, வாக்களிப்பு மார்ச் 8.

சுங்கை சிப்புட்டில் அன்று ஒரு கட்சி இருந்தது, சட்டப்படி இல்லாமலும் இருந்தது. மலேசிய சோசலிசக் கட்சி, பிஎஸ்எம், 1998ல் தொடங்கப்பட்டது. உள்துறை அமைச்சு பதிவு தர மறுத்தது. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பதிவு இல்லாத கட்சிக்கு ஓட்டுச் சீட்டில் சின்னம் கிடையாது. ஆகவே அதன் வேட்பாளர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் 1999ல் ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) ராக்கெட்டில் நின்றார். 2004ல் அன்வாரின் கட்சியான பிகேஆரின் கண் சின்னத்தில் நின்றார். இரண்டிலும் தோற்றார். 2004ல் பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம். இப்போது மூன்றாம் முறை, மறுபடியும் கண்.

எதிரில் ச. சாமிவேலு. 1974 முதல் எட்டுப் பொதுத் தேர்தல்களில் அந்தத் தொகுதியை வென்றவர். 1979 முதல் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) தலைவர், அந்த ஆண்டு தொட்டு அமைச்சர். அவருக்கு முன்னால் அது மஇகாவின் முன்னாள் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தொகுதி. சம்பந்தன் பிறந்த ஊரும் அதுதான். பல ஆண்டுகளாக மஇகா தலைவரின் வீட்டுத் தொகுதி என்று பேரெடுத்த இடத்தில், பதிவுகூட இல்லாத ஒரு சிறு கட்சி எந்தத் தைரியத்தில் மூன்றாம் முறை நின்றது?

இதைப் புரிந்துகொள்ள அறுபது ஆண்டு பின்னால் போக வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின் தூக்கைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. கணபதி தலைமை தாங்கிய அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு அதற்குச் சில நாள் முன்பே ரத்தாகியிருந்தது. மறு ஆண்டு மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். காட்டில் நடந்த சண்டையைப் பற்றித்தான் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுகின்றன. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நடந்ததை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. இடதுசாரி அரசியலுக்கும் பால்மரம் வெட்டுபவருக்கும் நடுவே இருந்த பாலம் அந்த ஓராண்டில் அறுந்தது. 1954ல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் மிதவாதிகளின் கையில் வளர்ந்தது. தோட்டத்து ஓட்டு மஇகாவுக்குப் போனது.

அதன் பிறகு பேராக்கின் இடதுசாரி அரசியல் ஈப்போ நகரத்து வழக்கறிஞர்களின் காரியமாயிற்று. சீனிவாசகம் சகோதரர்கள் 1953ல் தொடங்கிய பேராக் முற்போக்குக் கட்சிதான் பிற்பாடு மக்கள் முற்போக்குக் கட்சி, பிபிபி. டி. ஆர். சீனிவாசகம் பேசினால் ஈப்போ கேட்கும் என்பார்கள். கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் வைத்த ஊழல் குற்றச்சாட்டு நீதிமன்றம் போய் நிலைத்தது, அமைச்சர் பதவி விலகினார். ஆனால் கட்சியின் பலம் ஈப்போ நகரத்திலும் ஈயச் சுரங்கப் பக்கத்துச் சீனர் புதுக்கிராமங்களிலும் இருந்தது. தமிழர் தலைமை தாங்கிய கட்சிக்குத் தமிழர் தோட்டம் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது. இந்த முரணை நம் எழுத்தாளர்கள் ஏனோ பேசுவதேயில்லை.

பிபிபிக்குப் பக்கத்திலேயே இன்னொரு இடதுசாரி அணி இருந்தது. தொழிற்கட்சியும் பார்ட்டி ராயாட்டும் 1957ல் சேர்ந்து அமைத்த சோசலிச முன்னணி. 1959 தேர்தலில் முன்னணிக்கு எட்டு நாடாளுமன்ற இடம், பிபிபிக்கு நான்கு. இரண்டும் ஓரணியாகவில்லை. 1964ல் அரசாங்கம் சில மாதம் முன்கூட்டியே தேர்தலை வைத்தது. இந்தோனேசியாவின் மோதல் கொள்கை உச்சத்தில் இருந்த நேரம், பார்ட்டி ராயாட்டின் அகமட் பூஸ்தாமாம் அதற்கு முந்திய ஆண்டே சிறைக்குப் போயிருந்தார். இடதுசாரி என்றாலே சுகர்னோவின் ஆள் என்று சொல்லிவிடலாம். எட்டு இரண்டானது, நான்கும் இரண்டானது. முன்கூட்டிய தேர்தல் யாருக்கு வசதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிறகு முன்னணி உடைந்தது. தொழிற்கட்சிக்குள் ஆங்கிலம் படித்த மிதவாதிகளும் சீனமொழி படித்த தீவிரவாதிகளும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. டான் சீ கூன், வீ. டேவிட் போன்றவர்கள் 1968ல் கெராக்கான் கட்சிக்குப் போனார்கள். மீதமிருந்த தொழிற்கட்சி 1969 தேர்தலைப் புறக்கணித்தது. என் கணிப்பில் மலேசிய இடதுசாரிகள் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். அந்த ஆண்டு பேராக்கில் ஆளும் அலையன்ஸ் கூட்டணி நாற்பதில் 19 சட்டமன்ற இடங்களோடு நின்றுபோனது. பிபிபி 12, ஜசெக ஆறு, கெராக்கான் இரண்டு, பாஸ் ஒன்று. ஆட்சிக்கதவு பாதி திறந்திருந்த அன்று தொழிற்கட்சி வாசலிலேயே இல்லை. டி. ஆர். சீனிவாசகமும் இல்லை, மார்ச் மாதமே காலமாகிவிட்டார். அண்ணன் எஸ். பி. சீனிவாசகம் கட்சியை அலையன்ஸின் வாரிசான தேசிய முன்னணிக்குள் கொண்டுபோனார். 1974ல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். மறு ஆண்டு அவரும் மறைந்தார். தொழிற்கட்சியின் பதிவு 1972லேயே ரத்தாகியிருந்தது.

சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புவோம். இடதுசாரிகள் தோட்டத்துக்குள் மறுபடி காலெடுத்து வைத்தது தேர்தல் மேடை வழியாக அல்ல. அரசாங்க மருத்துவமனையில் நெஞ்சுநோய் நிபுணராக இருந்த ஜெயக்குமாரும் அவர் மனைவி ராணி ராசையாவும் ‘அலைகள்’ என்ற அமைப்பின் மூலம் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். நாட்கூலிக்குப் பதில் மாதச் சம்பளம், தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்படுபவர்களுக்கு வீடு, லயத்துக்குத் தண்ணீர். கோஷமாகப் பார்த்தால் சின்ன விஷயங்கள். ஆனால் 1948க்குப் பிறகு அந்தச் சின்ன விஷயங்களை ஒரு சோசலிசக்காரர் பெரட்டுக் களத்தில் நின்று பேசியது புதிது.

கால தாமதம் என்பதுதான் சோகம். அவர்கள் உள்ளே போன நேரத்தில் தோட்டமே கரைந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் தோட்டத் துண்டாடலுக்குச் சம்பந்தன் கூட்டுறவு சங்கம் வைத்துப் பதில் சொல்லப் பார்த்தார். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். எண்பதுகளுக்குப் பிறகு வந்த வெள்ளத்துக்கு அந்த அணை போதவில்லை. ரப்பர் மரம் விழுந்து செம்பனை எழுந்தது, வீடமைப்புத் திட்டம் எழுந்தது, இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் வந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். ஒரு தண்டல் ‘கூட்டம் இருக்கு, வாங்க’ என்று குரல் கொடுத்தால் எல்லோரும் வந்து நின்ற காலம் முடிந்தது. பிறகு ஓட்டுக் கேட்பவர் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுங்கை சிப்புட் தமிழர் தொகுதி என்பது பழக்கத்தில் வந்த பேச்சு. வாக்காளர்களில் இந்தியர் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. சீனரும் மலாய்க்காரரும் உள்காட்டு ஒராங் அஸ்லியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள். சாமிவேலுவைத் தாங்கி நின்றதும் தோட்டத்து ஓட்டு மட்டுமல்ல, தேசிய முன்னணியின் தராசுச் சின்னமும்.

2008ல் அந்தத் தராசு சாய்ந்தது. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் கூட்டத்தின் மேல் பாய்ந்த கண்ணீர்ப் புகையும், டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைபட்டதும் தோட்டத்து வீடுகள்வரை போய்ச் சேர்ந்திருந்தன. மார்ச் 8 இரவு ஜெயக்குமாருக்கு 16,458 ஓட்டு, சாமிவேலுவுக்கு 14,637. வித்தியாசம் 1,821. மாநிலத்திலும் 59 இடங்களில் 31 எதிர்க்கட்சிகளுக்கு. அந்த ஆட்சி ஓராண்டுகூடத் தாங்கவில்லை, அது வேறு கதை. சில மாதத்தில் பிஎஸ்எம்முக்குப் பதிவும் கிடைத்தது. சின்னம், சிவப்புப் பின்னணியில் உயர்த்திய கைமுட்டி.

சொந்தச் சின்னம் வந்த பிறகுதான் பிளவு வெளியே தெரிந்தது. 2013ல் ஒரே கட்சி ஒரே தேர்தலில் இரண்டு சின்னத்தில் நின்றது. சுங்கை சிப்புட்டில் ஜெயக்குமார் பிகேஆரின் கண்ணில். ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் சட்டமன்றத்தில் மு. சரஸ்வதி முட்டியில், அதுவும் ஜசெகவை எதிர்த்து. சிலாங்கூரின் செமினியில் அருட்செல்வன் முட்டியில், பிகேஆரை எதிர்த்து. கண் சின்னத்துக்கு ஓட்டுப் போடு என்று ஓர் ஊரில் சொல்லிவிட்டு, அடுத்த ஊரில் கண் சின்னத்தைத் தோற்கடி என்று சொன்னால் வாக்காளர் குழம்பாமல் என்ன செய்வார்? முட்டியில் நின்றவர்கள் தோற்றார்கள், இரவல் சின்னத்தில் ஜெயக்குமார் 2,793 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கொள்கைப் பிடிப்பு என்று சிலர் மெச்சினார்கள். எனக்கு அது 1969ன் சிறிய பதிப்பாகத்தான் படுகிறது.

2018ல் பிகேஆரும் ஜசெகவும் இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி பிஎஸ்எம்மோடு ஒத்துப்போகவில்லை. சுங்கை சிப்புட்டில் பிகேஆர் தன் ஆளாக எஸ். கேசவனை நிறுத்தியது. பத்தாண்டு நாடாளுமன்ற உறுப்பினர் முட்டியோடு தனியே நின்றார். 1,500 சொச்சம் ஓட்டு. வைப்புத்தொகையும் போனது. 2008ல் பதினாறாயிரம் பேர் ஓட்டுப் போட்ட அதே மனிதர், அதே பகுதி, அதே வேலை. இலவச மருத்துவ ஆலோசனைக்கும் நில வழக்குக்கும் அவரிடம் வந்தவர்களில் பலர் அன்று பிரதமர் நஜிப்பை இறக்குவதற்காகக் கண்ணுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் மட்டும் ஜெயிக்கும் தேர்தல் முறையில், பிடித்தவருக்குப் போடும் ஓட்டு பிடிக்காதவரை உட்கார வைத்துவிடும் என்ற பயம் நியாயமானது.

2022 அக்டோபர் 10ஆம் தேதி பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் மழைக்காலத்தையும் பொருட்படுத்தாமல் முன்கூட்டியே நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது பிஎஸ்எம்மின் கணக்கு இதையெல்லாம் கற்றுக்கொண்ட கணக்கு. பக்காத்தானோடு பேசியது, பலிக்கவில்லை. ஆனால் இம்முறை பிடிவாதமாக எங்கும் பரவவில்லை. ரெம்பாவ் நாடாளுமன்றமும் பேராக்கின் ஆயர் கூனிங் சட்டமன்றமும் மட்டும், இரண்டிலும் முட்டி. சுங்கை சிப்புட்டில் யாரையும் நிறுத்தவில்லை. அங்கே கேசவன் மஇகா தலைவர் எஸ். ஏ. விக்னேஸ்வரனைத் தோற்கடித்தார். ஆயர் கூனிங்கில் நின்ற பவானி தோற்றார். 2025 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்ததும் மறுபடி நின்றார், ஆயிரத்துச் சொச்சம் ஓட்டோடு மறுபடி தோற்றார்.

அடுத்த பொதுத் தேர்தலும் தவணைக்கு முன்பே வரலாம் என்ற பேச்சு பேராக்கில் அவ்வப்போது எழுகிறது. வந்தால் பிஎஸ்எம் ஒரு நாடாளுமன்ற இடத்தைத் தனியாக வெல்லும் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது ஒரு தொகுதியில் பெரிய கூட்டணியோடு ஒருவருக்கு ஒருவர் போட்டி அமைந்தால் ஒழிய வழியில்லை. அதற்கும் பக்காத்தான் தன் தொகுதி ஒன்றை விட்டுத்தர வேண்டும். 2018லும் 2022லும் விட்டுத்தராதது அது.

அடுத்த இதழில்: சம்பந்தனின் கூட்டுறவு சங்கமும், தொழிலாளர் வாங்கிய முதல் தோட்டமான புக்கிட் சிடிமும்.

(தொடரும்)